எழுத விடாத பரீட்சை

மூலக்குளம் மூன்றாம் குறுக்குத் தெருவில் தனக்கொடியிடம் இட்லி மாவு வாங்காத வீடு கிடையாது. மாவு வாங்கப் போனவர்கள் பாத்திரத்தை நீட்டிவிட்டுச் சும்மா நிற்கவும் முடியாது. யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள், யார் பிள்ளை வேலையை விட்டுவிட்டு வந்து வீட்டில் படுத்திருக்கிறான், எந்த வீட்டு மாமியார் எந்த மகள் வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போனாள், எல்லாம் அந்த மாவுக் குண்டானைச் சுற்றித்தான் புளித்துப் பொங்கும். அப்பேர்ப்பட்டவளிடம் போய் நிர்மலா ஒரு பொய்யைச் சொன்னாள் என்றால், பாவம், அது வாய் தவறி வந்ததாகத்தான் இருக்க வேண்டும். நெஞ்சறிந்து சொல்கிற அளவுக்கு அவளுக்குத் துணிச்சல் போதாது.

நிர்மலாவின் ஒரே மகள் சுடர்விழி கிர்கிஸ்தானில் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்தவள். அப்பா ராமலிங்கம் வில்லியனூர் சாலையில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே வைத்தியம் பார்க்க வேண்டுமானால் மத்திய அரசாங்கம் வைக்கிற தேர்வு ஒன்றை எழுதித் தேற வேண்டும். பாதி மார்க் வாங்கினால் போதும். கேட்க என்னவோ எளிதுதான். எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பாதியைத் தொடாமலே திரும்பி வருகிறார்கள். சுடர்விழியும் முதல் தடவை அப்படித்தான் திரும்பினாள்.

ரிசல்ட் வந்த மறுநாள் காலையில் தனக்கொடி கரண்டியை மாவுக்குள் விட்டபடியே கேட்டாள். "இன்னா நிர்மலா, பாப்பா மெட்ராசுக்குப் போயி பரீட்ச எழுதுச்சே, என்னா ஆச்சு?"

பின்னால் இன்னும் நான்கு பேர் பாத்திரத்தோடு நின்றிருந்தார்கள். நிர்மலாவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு அது தானாகவே புரண்டது.

"எங்கக்கா எழுத விட்டாங்க? தகுதி இல்லன்னு வாசலோட திருப்பி அனுப்பிட்டாங்க. கொரோனா சமயத்துல வூட்டுல உக்காந்து கம்ப்யூட்டர்ல படிச்சாங்க இல்ல? அது செல்லாதாம். புதுசா ரூலு போட்டிருக்காங்களாம்."

இது சுத்தமான புளுகும் இல்லை. சுடர்விழியோடு ஒரே காலேஜில் படித்த இஷ்ரத் என்ற பெண்ணுக்கு அப்படி ஒரு சிக்கல் இருந்தது. ஆன்லைனில் நடந்த பாடங்களைத் திரும்ப நேரில் நடத்தியதாக அந்தக் காலேஜ் எழுதித் தர வேண்டும். சுடர்விழிக்குத் தந்தார்கள், இஷ்ரத்துக்கு இன்று நாளை என்று இழுத்தடித்தார்கள். இஷ்ரத் வந்து அழுதுவிட்டுப் போனது நிர்மலாவின் மனசில் கிடந்தது. அவசரத்துக்கு அதை எடுத்துத் தன் மகளுக்குப் போர்த்திவிட்டாள்.

தனக்கொடி கரண்டியை அப்படியே போட்டுவிட்டாள். "அது எப்பிடிடி செல்லாது? அந்தப் பொண்ணு மொட்டமாடியில ராவும் பகலும் கம்ப்யூட்டரோட மல்லுக்கட்னத நான் பாத்தனே! எங்கிட்ட வந்து கேக்கச் சொல்லு!"

அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க டெல்லிக்காரர்களைத் திட்டித் தீர்த்துவிட்டது.

சுடர்விழிக்கு முதலில் அம்மாவின் மேல் கோபமாகத்தான் வந்தது. "ஏம்மா இப்பிடிப் பொய் சொன்ன? எனக்கு எல்லாத் தகுதியும் இருக்கும்மா" என்று சண்டை போட்டாள். உண்மைதான். இந்தியக் குடிமகள், நீட் தேறியவள், பட்டம் இருக்கிறது, அங்கேயே பயிற்சி முடித்த சான்று இருக்கிறது, எல்லாவற்றிலும் முத்திரை இருக்கிறது. தகுதி என்று பார்த்தால் அவளிடம் இல்லாதது எதுவும் இல்லை. தேறவில்லை, அவ்வளவுதான். ஆனால் இரண்டு நாள் போன பிறகு அவளுக்கே அந்தப் பொய்யில் ஒரு சுகம் தட்டியது. பெயிலானவளைப் பார்த்தால் உதட்டைப் பிதுக்குகிற தெரு, எழுத விடாமல் தடுக்கப்பட்டவளைப் பார்த்தால் உச்சுக் கொட்டுகிறது. எதிர்வீட்டு அஞ்சலாட்சி சுண்டல் கொடுத்தனுப்பினாள். பெட்டிக்கடைக்காரர் "கவலைப்படாதம்மா, தர்மம் ஜெயிக்கும்" என்றார். பெயிலானதற்கு யார் வீட்டிலிருந்து சுண்டல் வரும்?

ஒரு கஷ்டம் மட்டும் இருந்தது. தகுதியே இல்லாதவள் இரண்டாம் முறை தேர்வெழுத எப்படிப் போவாள்? நிர்மலா அதற்கும் வழி கண்டாள். சென்னையில் உறவுக்காரர் கல்யாணம் என்று சொல்லி, மகளுக்குப் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். ஹால் டிக்கெட் நகைப்பெட்டிக்குள் இருந்தது. தாம்பரத்தில் ஒரு தூரத்துச் சித்தி வீட்டில் பட்டைக் களைந்துவிட்டு, சாதாரண சுடிதாரில் போய்ப் பரீட்சை எழுதிவிட்டு, திரும்பி வரும்போது மறுபடியும் பட்டு. கல்யாணத்துக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வந்தால் தனக்கொடி விடுவாளா? நிர்மலா திண்டிவனத்தில் இறங்கித் தேங்காயும் வெற்றிலையும் வாங்கித் தாம்பூலப் பை கூடத் தயார் பண்ணிவிட்டாள். இத்தனை சாமர்த்தியத்தில் கால்வாசி பரீட்சைத்தாளில் உதவியிருந்தால் அந்தப் பெண் தேறியிருப்பாள். பட்டுப்புடவைக் கனத்தில் படித்தது மறந்ததோ என்னவோ, இரண்டாம் தடவையும் பாதியைத் தொடவில்லை.

இப்போது மூன்றாவது முறைக்கு விண்ணப்பிக்கும் நேரம். கடைசித் தேதி திங்கட்கிழமை. சுடர்விழி லேப்டாப்பைத் திறப்பாள், பார்ப்பாள், மூடுவாள். "இந்தத் தடவ வேணாம்ப்பா. அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். அடுத்த தடவையும் தான் இதையேதான் சொல்லப் போகிறோம் என்று சுடர்விழிக்குத் தெரிந்தது. எழுதாமல் இருக்கிற வரைக்கும் தோற்க முடியாது. அதுதான் அவளுக்குப் பயமாகவும் இருந்தது. தானே தன்னை அந்த வாசலோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் மதிவாணனுக்கு நியாய உணர்ச்சி பொங்கியது.

மதிவாணன் மின்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், நகர் நலச் சங்கச் செயலாளர். தெருவில் ஒரு விளக்கு எரியாவிட்டால் ஒரு மனு, எரிந்தால் நன்றி தெரிவித்து ஒரு மனு. வெள்ளைக்காரன் காலத்தில் தம் தாத்தா கவர்னருக்கே பிரெஞ்சில் மனு எழுதியவர் என்று யாரும் கேட்காமலே சொல்வார். அந்த வாரம் அவர் மனைவிக்குக் காய்ச்சல். கதிர்காமம் பெரியாஸ்பத்திரிக்குப் போய் வந்ததில் ஒரு பகல் முழுக்கப் போய்விட்டது. வந்து உட்கார்ந்தவருக்கு எதிர் வரிசையில் சும்மா இருக்கிற டாக்டர் ஞாபகம் வந்தது. உடனே சங்கக் கூட்டம், உடனே தீர்மானம். சங்க அறையைச் சாயங்காலத்தில் கிளினிக்காகத் தருவது. அதற்கு முன்னால் டாக்டரின் தகுதியை மீட்பது.

புதுச்சேரியில் எதை மீட்பதானாலும் எம்.எல்.ஏ. வீட்டுக்குத்தான் போக வேண்டும். பக்கத்துத் தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ.வைப் பார்க்க ஒரு வாரம் அலைய வேண்டும் என்பார்கள். இங்கே தொகுதி என்பதே நாலு தெரு, எம்.எல்.ஏ. மஞ்சள் நீராட்டு, காதுகுத்து ஒன்று விடாமல் வந்து மொய் வைத்துவிட்டுப் போகிறவர். அவரால் ஆகாதது டெல்லியில் என்ன இருந்துவிடப் போகிறது? ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்களோடு வரச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை சுடர்விழி கடைக்குப் போக வெளியே வந்தவள் தெருமுனையில் நின்றுவிட்டாள். மழையில் நனைந்தபடி ஒரு பேனர். "மருத்துவர் சுடர்விழிக்குத் தேர்வு எழுதும் தகுதியை உடனே வழங்கு!" கீழே கைகட்டி நிற்கும் மதிவாணன், சுடர்விழியை விட இரண்டு மடங்கு பெரியதாக. வரிசையாகச் சங்க நிர்வாகிகள் பன்னிரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் வெள்ளைக் கோட்டில் அவள். யாரோ அம்மாவிடம் போட்டோ கேட்டு வாங்கியிருக்கிறார்கள், அம்மாவும் கொடுத்திருக்கிறாள்.

"என்னடி பண்ணச் சொல்ற? குடுக்க மாட்டேன்னா ஏன்னு கேப்பாங்க இல்ல?" என்றாள் நிர்மலா.

சுடர்விழி யோசித்தாள். வீடு வீடாகப் போய் உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வராது. ஆனால் எல்லோரிடமும் எதற்குச் சொல்ல வேண்டும்? ஒருத்தியிடம் சொன்னால் போதாதா? பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நேராகத் தனக்கொடி வீட்டுக்குப் போனாள். நல்ல வேளையாக அங்கே யாரும் இல்லை.

"அத்த, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ரூலு எல்லாம் ஒண்ணும் இல்ல. நான் ரெண்டு தடவ எழுதிட்டேன். ரெண்டுலயும் பெயிலு."

தனக்கொடி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பெரிய பெரிய சேதிகளைக் கேட்டுப் பழகிய முகம், ஒன்றும் காட்டவில்லை.

"மாவு எவ்ளோ?"

"அரைக் கிலோ."

அளந்து போட்டாள். கூட ஒரு கரண்டி சேர்த்துப் போட்டாள். "தூறல் வலுக்குது, சீக்கிரம் வூட்டுக்குப் போ" என்றாள். அவ்வளவுதான்.

சுடர்விழி வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மத்தியானத்துக்குள் தெரு கொதிக்கும், சாயங்காலம் பேனர் இறங்கும், நாலு நாள் தலை குனிந்து நடந்தால் போதும் என்று கணக்குப் போட்டாள். மத்தியானம் அஞ்சலாட்சி வந்து, "ஞாயித்துக்கெழம பச்சப் புடவ கட்டிக்கம்மா, எடுப்பா இருக்கும்" என்றாள். சாயங்காலம் பெட்டிக்கடைக்காரர் கைதூக்கி வணக்கம் வைத்தார். சனிக்கிழமை மதிவாணன் மனுவின் மூன்றாம் பக்கத்தைப் படித்துக் காட்டினார். தெருவில் ஒரு ஈ காக்கைக்குக் கூடச் சேதி போகவில்லை. பக்கத்து வீட்டில் தாளிக்கிற வாசனையை வைத்து யாருக்கு மாசம் என்று சொல்கிறவள், கையில் கொடுத்த சேதியை மாவோடு மாவாக மூடி வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை காத்தவராயனின் வேனில் இருபது பேர் ஏறினார்கள். நிர்மலாவும் ராமலிங்கமும் முன்னால், அவர்களுக்குப் பக்கத்தில் கோப்போடு மதிவாணன். சுடர்விழி கடைசி வரிசையில் தனக்கொடிக்கு அருகில் இடம் பிடித்தாள்.

"ஏன் அத்த யார்கிட்டயும் சொல்லல?" என்றாள் மெதுவாக.

"எத?"

"நான் சொன்னத."

தனக்கொடிக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னிய என்னான்னு நெனச்ச நீ? எவளாவது ஓடிப் போனா சொல்லுவேன். எவனாவது குடிச்சிட்டு காவாயில வுழுந்தா சொல்லுவேன். அதெல்லாம் தெருவுல நடக்கறது, தெரு பேசும். நீ ராவெல்லாம் லைட்டப் போட்டுக்கிட்டுக் குந்தியிருந்தத நான் பாத்திருக்கேன். அத எடுத்துப் போயி மாவு வாங்க வரவகிட்ட சொல்லிச் சிரிக்கச் சொல்றியா?"

"நீங்க சொல்லுவீங்கன்னுதான் உங்ககிட்ட சொன்னேன்."

 தனக்கொடி தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப் பாவி, அத மொதல்லயே சொல்லக் கூடாது? ரெண்டு நாளா வாய மூடிக்கிட்டு இருந்ததுல எனக்குச் சோறே எறங்கல!" அவள் முன்வரிசையைப் பார்த்தாள். "இப்ப சொல்லவா?"

மதிவாணன் எழுந்து நின்று கம்பியைப் பிடித்தபடி, எம்.எல்.ஏ. முன்னால் யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இவர்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பை விட்டுவிட்டு வந்தவர்கள். பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான், இருந்தாலும் வந்திருக்கிறார்கள்.

"வேணாம் அத்த" என்றாள் சுடர்விழி.

எம்.எல்.ஏ. வீட்டு முன்கட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகள், பேப்பர் கப்பில் டீ, வாய்க்கால் அடைப்பு, முதியோர் பென்ஷன், பள்ளிக்கூட சீட்டு என்று வந்தவர்கள். இவர்கள் முறை வந்ததும் மதிவாணன் சால்வை போர்த்தி, மனுவைக் கொடுத்து, தம் தாத்தாவையும் நடுவில் நுழைத்து ஒரு பேச்சுப் பேசி முடித்தார். எம்.எல்.ஏ. பொறுமையாகக் கேட்டார். செல்போனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"டெல்லியில நமக்கு வேண்டியவர் ஒருத்தர் இருக்காரு. இப்பவே பேசிடலாம். நீ சொல்லும்மா, எந்த ரூலு உன்னத் தடுக்குது?"

சுடர்விழிக்கு அந்த ரூல் மனப்பாடம். இஷ்ரத் சொல்லிச் சொல்லி அழுதது. ஆன்லைன் வகுப்பு, ஈடு செய்த சான்று, தேதி, எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொன்னால் இன்னும் ஒரு வருஷத்துக்குச் சுண்டல் வரும். நாளைக்குத் திங்கட்கிழமை. தகுதி கேட்டு ஊரைக் கூட்டி வந்தவள் நாளைக்கு எந்த முகத்தோடு விண்ணப்பம் போடுவாள்?

"எந்த ரூலும் தடுக்கல சார்."

"என்னாது?"

"எனக்குத் தகுதி இருக்கு. ரெண்டு தடவ எழுதினேன். பாஸாகல. வெக்கப்பட்டுக்கிட்டு ரூல் மேல பழி போட்டுட்டோம்."

டீ உறிஞ்சுகிற சத்தம் நின்றது. நிர்மலா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எம்.எல்.ஏ.வின் உதவியாளர் பேனாவைப் பிடித்தபடி, "அப்ப இப்ப தகுதி இருக்குதுன்னு எழுதிக்கவா, இல்லன்னு எழுதிக்கவா?" என்றார்.

"இருக்குன்னு எழுதுங்க" என்றார் ராமலிங்கம். அன்றைக்கெல்லாம் அவர் வாயைத் திறந்தது அதற்குத்தான்.

எம்.எல்.ஏ. செல்போனைக் கீழே வைத்தார். சும்மா சொல்லக் கூடாது, அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. வந்த மனுக்களிலேயே கையோடு முடிந்தது அது ஒன்றுதான். "அப்ப நான் செய்யறதுக்கு இதுல ஒண்ணும் இல்லியேம்மா. நீதான் படிக்கணும்."

"சார், என்கூடப் படிச்ச இஷ்ரத்னு ஒரு பொண்ணு. அவளுக்குத்தான் நெஜமாவே அந்தப் பிரச்சன. அவ பேர்ல இந்த மனுவ..."

"எந்த ஏரியா?"

"டவுன்ல, முல்லா வீதி."

"அது நம்ம தொகுதி இல்லியே" என்று கைகூப்பினார் எம்.எல்.ஏ. அடுத்து வாய்க்கால்காரர்கள் எழுந்தார்கள்.

திரும்பும்போது வேனில் மதிவாணன்தான் முதலில் வெடித்தார். "பன்னெண்டு பேரு போட்டோ போட்டு பேனர் வெச்சிட்டு, நான் நாளைக்கு எப்பிடி வெளிய நடப்பேன்? ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருந்தா அதுக்கும் நீ ஒரு மனு எழுதியிருப்ப" என்றாள் தனக்கொடி.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்தவராயன் சொன்னார். "எம் பையன் பிளஸ் டூ கணக்க மூணு தரம் எழுதினான். அவனுக்கு எவனும் ஒரு பேனர் வெக்கல." யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஆளாளுக்குத் தங்கள் வீட்டுப் பெயில்களை எடுத்து விட்டார்கள். அஞ்சலாட்சி தன் வீட்டுக்காரர் டிரைவிங் லைசென்ஸில் தோற்ற கதையைச் சொன்னாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சுடர்விழிக்குச் சிரிப்பு வந்தது. அம்மா மட்டும் திரும்பியே பார்க்கவில்லை.

சமாதானம் அவ்வளவு லேசில் வந்துவிடவில்லை. மதிவாணன் முறைத்துக்கொண்டுதான் இறங்கினார். அவர்கள் சொன்ன பொய்க்கு இத்தனை நாளும் உச்சுக் கொட்டியவர்களில் ஒன்றிரண்டு பேர் முகம் சுளித்துக்கொண்டு போனார்கள். போகட்டும், சுண்டல் போட்டவர்களுக்கு அந்த உரிமை உண்டு. சுடர்விழி வேனிலிருந்து இறங்கிய இடத்திலேயே நின்று இஷ்ரத்துக்குப் போன் செய்தாள். உன் கஷ்டத்தை இத்தனை நாளாக என்னுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தேன் என்றாள்.  "அதயாவது உருப்படியா சொன்னியா?" என்று கேட்டாள் இஷ்ரத்.

அன்று சாயங்காலம் வீட்டில் கரண்ட் இல்லை. சங்க அறையில் இன்வெர்ட்டர் உண்டு. சுடர்விழி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அங்கே போனாள். மதிவாணன் பேச மாட்டேன் என்ற முகத்தோடு பூட்டைத் திறந்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றார். பின்னாலேயே தனக்கொடி வந்தாள். அவளைப் பார்த்து அஞ்சலாட்சியும் இன்னும் இரண்டு பேரும்.

பட்டம், பயிற்சிச் சான்று, பாஸ்போர்ட் ஒவ்வொன்றாக ஏறின. தேர்வு மையம் என்ற இடத்தில் அவள் விரல் தயங்கியது.

"மெட்ராசே போடு, வேன் எடுத்துக்கிட்டு எல்லாரும் வரோம்" என்றாள் அஞ்சலாட்சி.

"நீங்க யாரும் வரக் கூடாது" என்றாள் சுடர்விழி.

"ஏன், போன தடவ கல்யாணத்துக்குப் போனீங்களே, அது..." என்று ஆரம்பித்த தனக்கொடி, கணக்குப் புரிந்ததும் பாதியில் நிறுத்தினாள்.  தனக்குத் தெரியாமல் இந்தத் தெருவில் ஒன்று நடந்திருக்கிறது என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

கடைசியாகக் கட்டைவிரல் ரேகை கேட்டது. வெள்ளைத்தாளில் மையால் பதித்துப் படமெடுத்து ஏற்ற வேண்டும். அவர்கள் வீட்டில் மை ஏது? எல்லோரும் மதிவாணனைப் பார்த்தார்கள். அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு பீரோவைத் திறந்து, சங்க முத்திரைக்கு வைத்திருந்த மை டப்பாவை எடுத்து, மூடியைக் கழற்றி மேசையில் தள்ளிவிட்டார்.

சுடர்விழி விரலைத் தோய்த்துத் தாளில் வைத்தாள். விரலை உருட்டியதில் அப்பிக்கொண்டது. இன்னொரு தாள். அதுவும் கோடு தெரியாமல் கறுப்புத் திட்டாக விழுந்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. காலையிலிருந்து பேசாத நிர்மலா உள்ளே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேராக மேசைக்கு வந்து, லேப்டாப் திரையில் இருந்ததைப் படித்துவிட்டு, மகளின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"எடது கைன்னு போட்டிருக்கு, நீ சோத்துக் கைய வெச்சி உருட்டிக்கிட்டு இருக்க" என்றாள். அந்தக் கையை விட்டுவிட்டு இடது கையைப் பற்றிக் கட்டைவிரலை மையில் ஒற்றி, புதுத் தாளில் வைத்து, தன் விரலை மேலே வைத்து அழுத்தினாள். "ஆட்டாத."